திரிபோஷாவா, காசா? மந்தபோசணைக்கு அரசு எதைக் கொடுக்க வேண்டும்?

வாவிக்கரை:
இலங்கையில் 2023 இல், வருமானம் குறைந்த குடும்பங்களுக்குக் காசு கொடுக்கும் அஸ்வெசும திட்டம் வந்துவிட்டது. இனியும் கிளினிக்கில் இலவசமாகக் கொடுக்கும் சத்துமாவான திரிபோஷாவுக்கு ஏன் தனிச் செலவு? அந்தப் பணத்தையும் தாயின் கணக்கில் போடுங்கள். மட்டக்களப்புச் சந்தையில் முட்டை, நெத்தலி, முருங்கையிலை எல்லாம் கிடைக்கிறது. பிள்ளைக்கு எது தேவை என்று தாய்க்குத் தெரியும்.

படுவான்கரைப் பிள்ளை:
கிடைக்கிறது அண்ணன், வாங்க முடிகிறதா? காசு வந்த அன்றே கடைக் கொப்பிக் கடனுக்குப் போகும். அப்புறம் கரண்ட் பில். மிச்சம் இருந்தால்தான் முட்டை. வெல்லாவெளிப் பக்கம் எந்த வீட்டிலும் கேட்டுப் பாருங்கள். கிளினிக்கில் மருத்துவ மாது பிள்ளையின் எடையை நிறுத்து, வளர்ச்சி அட்டையில் கோடு கீழே சரிந்தால் தாயை இருத்தி என்ன கொடுத்தாய் என்று விசாரித்துவிட்டுத்தான் பைக்கற்றைக் கையில் கொடுக்கிறார். 1973 இலிருந்து நடக்கிற வேலை இது. வங்கி அட்டை அந்தக் கேள்வியைக் கேட்காது.

வாவிக்கரை:
கேட்டு என்ன பயன்? 2016 கணக்கெடுப்பில் ஐந்து வயதுக்குட்பட்டவர்களில் 15 வீதமானோர் உயரத்துக்கேற்ற எடை இல்லாதவர்கள். நாளைக்கு 50 கிராம்படி 750 கிராம் பைக்கற் ஒரு பிள்ளைக்கு 15 நாள் வர வேண்டும். தேங்காய்ப்பூவும் சீனியும் போட்டு உருண்டை பிடித்தால் முழு வீடும் சாப்பிடும், ஒரு கிழமையில் முடிந்துவிடும். 2022 இல் என்ன நடந்தது? அஃப்ளாடொக்சின் என்ற நச்சு அனுமதித்த அளவுக்குள் இருக்கும் சோளம் இல்லாமல், மூன்று வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கான திரிபோஷாவே நின்றுபோனது.

கல்முனை அக்கா:
தம்பி, பசியோடு பக்கத்தில் நிற்கிற மூத்த பிள்ளைக்கு ஒரு உருண்டை கொடுக்காமல் எந்தத் தாய் இருப்பாள்? அதைக் குற்றமாகச் சொல்லாதீர்கள். வீட்டுக்குச் சோறு காணாததால்தான் சின்னவனின் மா பங்குபோகிறது. ஆகவே காசும் வேண்டும், மாவும் வேண்டும். அஃப்ளாடொக்சின் பூஞ்சணத்தால் வருவது. ஈரம் காயாத சோளத்தை மூட்டை கட்டினால் பூஞ்சணம் பிடிக்கும். அம்பாறையிலும் சோளம் விளைகிறது. உலர்த்தும் இயந்திரமும் களஞ்சியமும் கொடுத்து அரசே நேரடியாக வாங்கட்டும். சோள விளைச்சல் குறைய, 2021 இல் இரசாயனப் பசளையை ஒரேயடியாகத் தடைசெய்ததும் அரசுதானே!

படுவான்கரைப் பிள்ளை:
அக்கா சொல்வது சரி. காசைக் கூட்டுவதை நான் எதிர்க்கவில்லை. மாவை நிறுத்திவிட்டுக் காசு கொடுப்பதைத்தான் எதிர்க்கிறேன்.

வாவிக்கரை:
என் மனம் இன்னும் மாறவில்லை. கிளினிக்குக்குத் திரிபோஷா வராத மாதத்துக்கு அதன் பெறுமதியை அந்த மாதமே தாய்க்குக் காசாகத் தர அரசு எழுத்தில் ஒப்புக்கொள்ளட்டும். அதன் பிறகு மா வேண்டும் என்று சொல்லுங்கள், கேட்கிறேன்.