கில்லியன் வெல்ச் – டேவிட் ராலிங்ஸ் ‘உட்லேண்ட்’: எதைக் கவனித்துக் கேட்பது?

கேள்வி:
அமெரிக்க நாட்டுப்புற இசை இணையர் வெல்ச்சும் ராலிங்ஸும் 2024 ஆகஸ்டில் வெளியிட்ட ‘உட்லேண்ட்’, 2025இல் சிறந்த நாட்டுப்புற இசை ஆல்பத்துக்கான கிராமி விருதை வாங்கியது. விமர்சகர்கள் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடுகிறார்கள். பத்தே பாட்டு. எதைக் கவனித்துக் கேட்க வேண்டும்? இன்னொரு சந்தேகம்: இவர்கள் பாணியில் இரண்டு ட்ரெட்நாட் (பெரிய உடல் கொண்ட அக்கூஸ்டிக்) கிட்டாரை வைத்துப் பதிவு செய்தால் ஒலி கலங்கலாகிறதே, ஏன்?

பதில் 1:
இரண்டாவது கேள்வியிலிருந்து வருகிறேன், முதலாவதற்கும் பாதி விடை அதில் இருக்கிறது. வெல்ச் வாசிப்பது 1956 கிப்சன் ஜே-50. அடிநாதம் கனமாக நிற்கும். ராலிங்ஸ் கையில் 1935 எபிஃபோன் ஒலிம்பிக், சிறிய ஆர்ச்டாப். வளைந்த மேற்பலகை விறைப்பானது, கம்பிகளும் அவற்றைத் தாங்கும் பிரிட்ஜைத் தாண்டி, உடலின் அடிமுனையில் உள்ள டெயில்பீஸில் போய்ப் பூட்டுகின்றன. அதனால் ஸ்வரம் கூர்மையாகக் கிளம்பிச் சட்டென்று அடங்கும். கீழ் ஒலி குறைவு. ஒன்று விட்ட இடத்தை மற்றது எடுத்துக்கொள்கிறது. இரண்டு ட்ரெட்நாட்டும் கீழ் ஒலிப் பகுதியான 100–250 ஹெர்ட்ஸில் ஒன்றன்மேல் ஒன்று ஏறிவிடும், கலங்கல் அங்கேதான்.

ஆர்ச்டாப் இல்லையென்றாலும் வழி உண்டு. சி சுருதிப் பாட்டில் ஒருவர் திறந்த சி வடிவங்களை வாசிக்கட்டும். மற்றவர் ஐந்தாம் ஃப்ரெட்டில் கேப்போ (கம்பிகளை அழுத்திப் பிடிக்கும் கவ்வி) போட்டு ஜி வடிவங்களை வாசிக்கட்டும், மெல்லிய நான்கு கம்பிகள் போதும். அவர் ஆறு கம்பிகளையும் சேர்த்து அடிக்கத் தொடங்கினால் கேப்போவும் காப்பாற்றாது.

பதில் 2:
பதிவையும் சேர்த்துச் சொல்கிறேன். மைக்கை ஒலித்துளைக்கு நேராக வைக்காதீர்கள், குமுறும். கழுத்து உடலோடு சேரும் இடத்தை நோக்கி 25 செ.மீ. தள்ளி வையுங்கள். இரண்டு மைக்குக்கும் இடையே குறைந்தது 75 செ.மீ. வேண்டும், நெருங்கினால் ஒரே ஒலி இரண்டிலும் சற்று முன்பின்னாக விழுந்து மெலிந்துபோகும். பிறகு ஈக்யூவை (ஒலியின் கீழ், மேல் பகுதிகளைக் கூட்டிக் குறைக்கும் கருவி) திருகிப் பயனில்லை.

பதில் 3:
கிட்டார் மட்டுமே பேசினால் இந்த ஆல்பத்துக்கு நியாயம் செய்ததாகாது. இவர்களுடைய பழைய ஆல்பம் ‘டைம் (த ரெவலேட்டர்)’ 2001இல் வந்தபோது இருவர் மட்டும். இங்கே டிரம்ஸ், பெடல் ஸ்டீல் (மிதிகளால் சுருதி மாற்றும் கிடைக் கிட்டார்), வயலின் குழு எல்லாம் வருகின்றன, ஆனால் நடுவே இருவரும் நகரவே இல்லை. என்னைக் கேட்டால் பாராட்டுக்குரியது இந்தக் கட்டுப்பாடுதான்.

முதல் பாட்டு ‘எம்ப்டி ட்ரெயின்லோட் ஆஃப் ஸ்கை’. இரண்டு பக்கமும் கதவு திறந்த சரக்குப் பெட்டி ஒன்று பாலத்தில் போக, அதனூடே தெரிந்த வானத்தைப் பார்த்துப் பிறந்தது. காலிப் பெட்டி வானத்தைச் சுமக்கிறது. அந்த ஒரு படிமமே முழுப் பாட்டையும் இழுத்துச் செல்கிறது. 2020 மார்ச் சூறாவளியில் நாஷ்வில்லில் இவர்களுடைய உட்லேண்ட் ஸ்டுடியோவின் கூரை பெயர்ந்ததையும், கொட்டும் மழையில் டேப்புகளையும் கருவிகளையும் இருவரும் மீட்டதையும் அறிந்தவர்களுக்கு அந்தத் திறந்த வானம் இன்னும் கனக்கும்.

அடுத்துக் கவனிக்க வேண்டியது ‘ஹேஷ்டேக்’. 2016இல் மறைந்த பாடகர், பாடலாசிரியர் கை கிளார்க்கை நினைத்து எழுதியது. தலைப்பைப் பார்த்துத் தள்ளிவிடாதீர்கள்: ஒரு பாடகரின் பெயர் எல்லார் திரையிலும் ஓடுவது அவர் இறந்த அன்றுதான் என்ற வலி அதில் இருக்கிறது.

குரலுக்கு ஒரு பயிற்சி. நம் காது ஒற்றை மெட்டில் பழகியது, அதனால் இரண்டாம் குரல் நழுவிவிடும். ஹெட்போனில் ஒருமுறை ராலிங்ஸ் குரலை மட்டும் பிடித்துக்கொண்டு கேளுங்கள். வெல்ச்சின் மெட்டுக்கு எப்போதும் இணையாக அவர் போவதில்லை. சில சொற்களில் உரசும் ஸ்வரத்தில் நின்று, வரி முடியும்போதுதான் இறங்குவார். போன் ஸ்பீக்கரில் இது கேட்காது.