ஒரு கேம் எத்தனை மணி நேரம் ஓடுதுன்னு பாத்துத்தான் காசு குடுக்கணுமா?

ராத்திரிஷிப்ட்:
போன வாரம் இங்க ஒருத்தர் வெண்பா கேம் வாங்கலாமான்னு கேட்டிருந்தார். வந்த பதில் பூரா ஒரே மாதிரி, "ஒன்றரை மணி நேரத்துல முடிஞ்சிரும், 15 டாலருக்கு வொர்த் இல்ல". கதை எப்படி, சமையல் பகுதி எப்படின்னு ஒருத்தர் கூட வாய திறக்கல. எனக்கு அது ரொம்ப உறுத்துச்சு, அதான் தனி த்ரெட்.

தெரியாதவங்களுக்கு சொல்லிடறேன், டொரன்டோல இருக்கற விசை கேம்ஸ் பண்ணது, 2023 ஜூலைல வந்துச்சு. 1980கள்ல கனடாவுக்குக் குடிபோன ஒரு தமிழ்க் குடும்பம், வெண்பா, அவங்க வீட்டுக்காரர் பாவலன், பையன் கவின். அம்மா குடுத்த சமையல் நோட்டு கிழிஞ்சு கறையாகி பாதி எழுத்து போயிருக்கும், அதை வச்சுக்கிட்டு இட்லி தட்டை எப்படி அடுக்கறதுன்னு நாமளே யோசிச்சு கண்டுபிடிக்கணும். பையன் வளர வளர அம்மா தமிழ்ல கேக்கறதுக்கு இங்கிலீஷ்ல பதில் சொல்ல ஆரம்பிப்பான். அதுக்கு மேல சொன்னா ஸ்பாய்லர். 2024ல பிரிட்டன்ல குடுக்கற பாஃப்டா விருதுல, முதல் கேமுக்கான டெபியூ கேம் விருது இதுக்குத்தான் குடுத்தாங்க. இதைப் போய் மணிக்கு எத்தனை ரூபான்னு கணக்கு போட்டா நம்ம கிட்ட யாரும் இனி தமிழ்ல கதை சொல்ற கேம் பண்ண வரமாட்டாங்க. என்னைக் கேட்டா நேரம் கணக்குலயே வரக்கூடாது.

நெல்லைகேமர்:
அண்ணே கோச்சுக்காதீங்க, நேரம் கணக்குலயே வரக்கூடாதுன்னு சொல்றது சம்பளம் வாங்குறவங்க பேச்சு. நான் காலேஜ் படிக்கேன், வருசத்துக்கு ஒண்ணு, மிஞ்சிப்போனா ரெண்டு கேம் தான் காசு குடுத்து வாங்க முடியும், அதுவும் சேல் வரட்டும்னு காத்துக் கிடந்து. ஹாலோ நைட்டும் அதே 15 டாலர் கேம் தான. 2017ல ஒரு குட்டி டீம் பண்ணுனது, கதைய மட்டும் முடிக்கவே 25 மணி நேரத்துக்கு மேல போகும், அதுக்கு மேல நாலு டிஎல்சி, அதான் கூடுதல் பகுதி, ஓசியில குடுத்தாங்க. அதுல வர்ற மாண்டிஸ் லார்ட்ஸ்ங்கற பெரிய எதிரிங்க கிட்ட நான் அடி வாங்குன அடி கொஞ்ச நஞ்சமில்ல, ஆனா மூணு பேரும் தோத்து எந்திரிச்சு தலை குனிஞ்சு வணக்கம் வைக்கும்போது வந்த சந்தோசம் இருக்கே. அந்த ஒரு கேம் எனக்கு ஒரு செமஸ்டர் முழுக்க ஓடிச்சு. அதே காசுக்கு ஒரு சாயங்காலத்துல முடியுற கேம் வாங்குனா மீதி நாளுக்கு நான் என்ன விளையாட? வெண்பா மோசம்னு நான் சொல்லல. விலை 5 டாலரா இருந்தா இந்தப் பேச்சே வந்திருக்காது.

பிஎஸ்5அப்பா:
தம்பி சொல்றது நியாயம், ஆனா மறுபக்கமும் பாருங்க. எனக்கு ரெண்டு பசங்க, அவங்க தூங்கின அப்புறம் தான் கன்ட்ரோலர கையில எடுக்க முடியும். 4,999 ரூபாய்க்கு டிஸ்க் வாங்கற ஆள் நான், காசு பெரிசு தான், ஆனா அதை விட ராத்திரி கிடைக்கற அந்த ஒரு மணி நேரம் பெரிசு. அசாசின்ஸ் க்ரீட் வல்ஹாலா ஆரம்பிச்சேன். முதல்ல நார்வேல அந்த பனியும் கடலும் பாக்கறப்போ அசந்துட்டேன், அப்புறம் இங்கிலாந்து வந்ததும் ஒரு மேப் மேஜைய காட்டி ஒவ்வொரு நாடா போய் கூட்டணி புடிச்சுட்டு வான்னு சொல்லுவாங்க, போவோம், அங்க ஒரு தலைவருக்கு ஒரு பிரச்சனை, ஒரு கோட்டையை உடைப்போம், திரும்பி வந்து அந்த மேப் மேஜைய பாத்துக்கற ராண்ட்விகிட்ட சொல்லுவோம், மறுபடி மேப். கதைய மட்டும் முடிக்கவே 60 மணி நேரம் கிட்ட ஆகும், எல்லாத்தையும் செய்யணும்னா 100 தாண்டிரும். உங்க கணக்குப்படி மணிக்கு 83 ரூபா, சூப்பர் டீல். ஆனா பாதியில நிக்குது, இனி எடுப்பேனான்னு தெரியல. முடிக்காத கேமுக்கு மணிக்கு எத்தனை ரூபான்னு எப்படி தம்பி கணக்கு போடுவீங்க?

நெல்லைகேமர்:
அண்ணே, அது நல்லா இல்லாத நேரம், நான் கேக்கது நல்ல நேரம். ரெண்டு கேமும் எனக்குப் பிடிக்கும்னு தெரிஞ்சா, அதுல நீளமானது எது, அதைத்தான் வாங்குவேன், அவ்ளோதான். இதுல என்ன தப்பு?

கோவைடெவ்:
வணக்கமுங்க, நான் சின்னதா கேம் பண்ணிட்டு இருக்கறவன், அதனால செய்யற பக்கத்துல இருந்து கொஞ்சம் சொல்றேன்.

நீளம்ங்கறது தானா வர்ற ஒண்ணு இல்லீங்க, திட்டம் போட்டு இழுக்கறது. 1994ல வந்த லயன் கிங் கேம் ஞாபகம் இருக்கா, ரெண்டாவது லெவல்லயே குரங்கு தூக்கிப் போட்டு சாவடிக்கும். அமெரிக்கால அப்போ கேசட் வாடகைக்கு எடுக்கற பழக்கம், வார இறுதிக்குள்ள முடிச்சிட்டா எவனும் காசு குடுத்து வாங்கமாட்டான், அதனால வேணும்னே கஷ்டமாக்கினோம்னு வெஸ்ட்வுட்ங்கற கம்பெனில அதை செஞ்சவரே பின்னாடி சொன்னாருங்க. 2018ல வந்த அசாசின்ஸ் க்ரீட் ஒடிஸி இன்னும் மோசம். நம்ம ஆளோட லெவல் பத்தலைன்னா அடுத்த கதைக்கு போக முடியாது, அதே கேமோட கடையில எக்ஸ்பி, அதான் லெவல் ஏத்தற பாயிண்ட், சீக்கிரம் ஏற ஒரு பூஸ்ட் தனிக் காசுக்கு வித்தாங்க. முதல்ல நீளமாக்கி விக்கறது, அப்புறம் அந்த நீளத்தை குறைக்க இன்னொரு தடவை காசு வாங்கறது. மணிக்கணக்குல மதிப்பு பாக்கற ஆளுங்க இருக்கறதாலதான் இது நடக்குது.

இன்னொண்ணு, கம்ப்யூட்டர் கேம் விக்கற ஸ்டீம் ஆன்லைன் கடையில 2 மணி நேரத்துக்குள்ள விளையாடி 14 நாளைக்குள்ள கேட்டா ரீஃபண்ட் கிடைக்கும். விதி நல்ல விதி தான், கம்ப்யூட்டர்ல ஓடாத கேமுக்கு காசு போகக்கூடாது. ஆனா 2021ல சம்மர் ஆஃப் 58னு ஒரு பேய் கேம், 2 மணி நேரத்துக்குள்ள முடியும், ரிவ்யூ நல்லா வந்துச்சு, அப்பவும் முழுசா முடிச்சுட்டு நிறைய பேர் ரீஃபண்ட் வாங்கிட்டாங்க. அதை தனி ஆளா பண்ணவர் கேம் செய்யறதையே நிறுத்திக்கறேன்னு எழுதினாரு. அதைப் படிச்சதிலிருந்து எங்க கேம்ல ஒரு சீன் எழுதும்போதெல்லாம் இது 2 மணி நேரத்தை தாண்டுமான்னு ஒரு பயம் மண்டைக்குள்ள ஓடுது, அந்தப் பயத்துல எழுதற சீன் நல்லாவா இருக்கும்?

ஸ்கார்பரோக்காரன்:
நான் வெண்பாவை அம்மாவோட இருந்து விளையாடினனான். புட்டு அவிக்கிற இடத்தில அம்மா என்னைத் தள்ளிப்போட்டு தானே கன்ட்ரோலரை வாங்கினவ. அதனால இது நல்ல கேம் இல்லை எண்டு என்னட்ட ஒருத்தரும் சொல்ல ஏலாது. ஆனாலும் நெல்லைத் தம்பி பக்கம்தான் நிக்கிறன், காரணம் வேற. எனக்குக் காசு பிரச்சினை இல்லை, கதைக்கே அந்த நேரம் காணாது. ஒரு அத்தியாயம் முடிஞ்சு அடுத்தது திறந்தா வருசங்கள் ஓடிப்போயிருக்கும். கவின் பள்ளிக்கூடத்தில பட்ட பாடு, தாயோட கதைக்கிறதைக் குறைச்ச காலம், அதெல்லாம் எங்கட வீடுகளில நடந்த விசயம், அதை ரெண்டு வரியில கடந்து போகேக்க மனம் ஆறேல்லை. இன்னும் ரெண்டு அத்தியாயம் இருந்திருந்தா இன்னும் ஆழமா இறங்கியிருக்கும். நீளம் எண்டாலே இழுவை எண்டு டெவ் அண்ணை சொல்லுறதை நான் ஏற்கமாட்டன்.

ராத்திரிஷிப்ட்:
@ஸ்கார்பரோக்காரன் இது நான் யோசிக்காத கோணம், ஆனா ஒத்துக்கமுடியல. அந்த இடைவெளி தான அந்த கேமே, அம்மாவுக்கும் பையனுக்கும் நடுவுல வருஷங்கள் காணாம போறது தான் கதை, அதை நிரப்பிட்டா அந்த வலி இருக்காது. போர்ட்டல்ங்கற புதிர் கேம் 2007ல வந்துச்சு, மூணு நாலு மணி நேரம் தான், அதுல ஒரு அறை கூட கூடுதலா வேணும்னு எனக்கு தோணினதே இல்ல.

நெல்லைகேமர்:
அண்ணே போர்ட்டல் ஆரஞ்ச் பாக்ஸ்ங்கற ஒரே தொகுப்புல ஹாஃப் லைஃப் 2, அதோட ரெண்டு எபிசோடு, டீம் ஃபோர்ட்ரஸ் 2 கூட சேத்து வித்தது. குட்டி கேமுக்கு முழு விலை வாங்கலையே அவங்க! எங்கட்சி அதத்தான சொல்லுது. சின்னதா பண்ணுங்க, தாராளமா பண்ணுங்க, விலையையும் அதுக்கேத்த மாதிரி வைங்க.

பிஎஸ்5அப்பா:
முழு விலைக்கு வித்து அடி வாங்கினதும் இருக்கு. தி ஆர்டர் 1886, 2015ல 60 டாலர். ரிலீசுக்கு முன்னாடியே யாரோ முழுசா வீடியோ போட்டு 5 மணி நேரம் தான்னு பரவி பெரிய ரகளை. நான் ரொம்ப நாள் கழிச்சு பழைய டிஸ்க் ஒண்ணு மலிவா வாங்கி ஆடினேன். அந்த லண்டன் தெரு, துப்பாக்கி சத்தம் எல்லாம் அவ்ளோ அழகு, ஆனா நடக்க விட்டு நடக்க விட்டு, பட்டன் அமுக்க சொல்லி, கடைசியில கதையையும் முடிக்காம விட்டாங்க. 5 மணி நேரம்ங்கறதை விட அந்த 5 மணி நேரத்துல நம்ம கைக்கு வேலையே இல்லைங்கறது தான் அதோட குறை. நீளத்தை வச்சு திட்டினதால உண்மையான குறை அடிபட்டுப் போச்சு.

கோவைடெவ்:
தம்பி, விலைய பத்தி ஒரு விஷயம். 15 டாலர்ல ஸ்டீம் 30 சதவீதம் எடுத்துக்கும், வரி போகும், பப்ளிஷர் இருந்தா அவங்க பங்கு, இதுல பாதி வித்ததே சேல்ல. படம் வரையறவரு, பாட்டு போடறவரு எல்லாருக்கும் வருஷக்கணக்கா சம்பளம் குடுக்கணும். ஒன்றரை மணி நேர கேம்ங்கறதால ஒன்றரை மாசத்துல முடிஞ்சிராதுங்க. 5 டாலர் வச்சா அடுத்த கேமே வராது.

நெல்லைகேமர்:
புரியுது அண்ணே, உங்க செலவு உங்களுக்கு. என் பையில இருக்கது எனக்கு. ரெண்டும் உண்மைதான். ஆனா ஒண்ணு செய்யலாம்லா, ஸ்டோர் பேஜ்லயே இது இத்தன மணி நேர கேம்னு முன்னாடியே போட்டுருங்க. இப்ப நாங்க ஹவ் லாங் டு பீட்ங்கற வெப்சைட்ல போய் தேடிப் பாக்க வேண்டியிருக்கு. தெரிஞ்சு வாங்குனவன் ஏன் ரீஃபண்ட் கேக்கப் போறான்?

ராத்திரிஷிப்ட்:
போடவே கூடாது. நம்பரை மேல ஒட்டிட்டா அத மட்டும் பாத்து வரிசைப்படுத்துவாங்க. டையிங் லைட் 2காரங்க 2022ல ரிலீசுக்கு முன்னாடி "முழுசா முடிக்க 500 மணி நேரம்"னு பெருமையா போட்டாங்க, ஜனங்க பயந்து போய், இல்ல இல்ல கதை 20 மணி நேரம் தான்னு பின்னாடி விளக்கம் குடுக்க வேண்டியதாப் போச்சு.

கோவைடெவ்:
நான் போடப் போறேனுங்க. டீம்ல பேசிட்டேன், எங்க பேஜ்ல முதல் பத்தியிலயே "சுமார் 2 மணி நேரம், ஒரே மூச்சுல ஆடலாம்"னு எழுதறோம், கூட டெமோவும் குடுக்கறோம். எதை நம்பி வாங்கறீங்கன்னு பாக்கறேன்.

ஸ்கார்பரோக்காரன்:
டெமோ எப்ப வருது எண்டு இங்கயே போடுங்கோ அண்ணை.