கர்ப்பப்பைச் சார்கோமா: குருதிக்கலன் ஊடுருவலும் புதிய குருதிக்கலன் வளர்ச்சியும் ஒன்றுதானா?

கேள்வி (வெள்ளவத்தையிலிருந்து):
அக்காவின் கர்ப்பப்பையில் இருந்தது ஃபைப்ரொயிட் என்றே நினைத்திருந்தோம். அகற்றிய பின் வந்த நோயியல் அறிக்கையில் லியோமயோசார்கோமா (மழமழப்பான தசையில் தோன்றும் புற்றுநோய்) என்றும், குருதிக்கலன் ஊடுருவல் உள்ளது என்றும் எழுதியிருந்தார்கள். இப்போது நோய் நுரையீரலுக்குப் பரவியிருப்பதால், கீமோவுக்குப் பின்னர் பசோபனிப் குளிசையைத் தொடங்கலாம் என மகரகம புற்றுநோய் வைத்தியசாலையில் வைத்திய நிபுணர் கூறினார். அது புதிய குருதிக்கலன்கள் வளர்வதைத் தடுக்குமாம். அறிக்கையிலுள்ள ஊடுருவல் பற்றிய வரியைப் பார்த்துத்தான் இந்த மருந்தைத் தெரிவுசெய்தார்களா?

பதில் 1 (நோயியல் ஆய்வுகூடத்தில் பணிபுரிபவர்):
இல்லை. ஊடுருவல் என்பது, ஏற்கெனவே உள்ள குருதிக்கலனுக்குள் புற்றுக்கலங்கள் புகுந்திருப்பதைக் குறிக்கிறது. (கலம் என்பது செல், கலன் என்பது குருதிக்குழாய்; ஓரெழுத்துத்தான் வேறுபாடு; பலரும் இங்கேதான் தடுமாறுகிறார்கள்.) புதிய கலன் வளர்ச்சியோ வேறு கதை. கட்டி ஓரிரு மில்லிமீற்றருக்கு மேல் பெருக வேண்டுமானால் அதற்கெனக் குருதி வழங்கல் தேவை என்று ஜூடா ஃபோக்மன் 1971இல் முன்வைத்தார்; ஒட்சிசன் குறைந்த கலங்கள் விஈஜிஎஃப் என்ற புரதத்தைச் சுரக்க, அயலிலுள்ள குருதிக்கலன்கள் கட்டியை நோக்கிக் கிளைவிடுகின்றன. ஆய்வுகளில், குருதிக்கலன்களின் உட்சுவரிலுள்ள சிடி31 என்ற புரதத்துக்குச் சாயமேற்றி, கபில நிறத்தில் தெரியும் நுண்கலன்களை அவை மிகச் செறிந்த இடங்களில் எண்ணுவார்கள். வழக்கமான அறிக்கையில் அந்த எண்ணிக்கை இடம்பெறுவதில்லை.

பதில் 2 (மருந்தாளர்):
கலன் வளர்ச்சியைத் தடுத்தால் கட்டி பட்டினியால் வாடிவிடும் என்பது கேட்பதற்கு எளிது. இந்த நோய் அவ்வளவு எளிதில் மடங்கவில்லை. விஈஜிஎஃபைப் பிடித்துக்கொள்ளும் பெவாசிசுமாப் என்ற மருந்தை, ஜெம்சிற்றபின், டொசிற்றக்செல் ஆகிய கீமோ மருந்துகளுடன் சேர்த்துக் கர்ப்பப்பை லியோமயோசார்கோமாவில் பரிசோதித்தபோது, 107 பேர் பங்கேற்ற அந்த ஆய்வில் (2015) கூடுதல் பயன் கிட்டவில்லை. பசோபனிப் விஈஜிஎஃபின் ஏற்பிகளோடு (கலங்களில் அது வந்து பொருந்தும் புரதங்கள்) வேறு சில ஏற்பிகளையும் தடுக்கிறது. முன்னர் கீமோ பெற்ற மென்திசுச் சார்கோமா (தசை போன்ற மென்மையான திசுக்களில் தோன்றும் புற்றுநோய்) நோயாளர்களில், நோய் முற்றாதிருந்த இடைக்காலத்தை 1.6 மாதங்களிலிருந்து 4.6 மாதங்களாக அது நீட்டியது (2012). ஆயுட்காலத்தில் உறுதியான வேறுபாடு தெரியவில்லை. ஆகவே, எதை எதிர்பார்க்கலாம் என்று நிபுணரிடம் வெளிப்படையாகக் கேளுங்கள்.

பதில் 3 (அம்மாவைப் பராமரித்தவர்):
குளிசையை வெறும் வயிற்றில், உணவுக்கு ஒரு மணி நேரம் முன்னரோ இரண்டு மணி நேரம் பின்னரோ, உடைக்காமல் விழுங்க வேண்டும். ஈரல் பரிசோதனையைத் தவறவிடாதீர்கள். பிரஷர் ஏறக்கூடும் என்பதால் அம்மாவின் அளவுகளை ஒரு கொப்பியில் எழுதி, ஒவ்வொரு கிளினிக்குக்கும் கொண்டுசென்றோம். அவரது புருவம்கூட வெளுத்தது. அதற்கும் மருந்துதான் காரணம் என்றார்கள்.