மங்கள்யான் லைமன் ஆல்ஃபா கருவி: கிரேட்டிங் இல்லாமல் எப்படிப் பிரித்தார்கள்?

அல்சூர்க்காரன்:
வணக்கம். பெங்களூரில் பொறியியல் மூன்றாம் ஆண்டு. செமினாருக்கு மங்கள்யானில் போன லைமன் ஆல்ஃபா போட்டோமீட்டரை எடுத்திருக்கிறேன். செவ்வாய்க் காற்றில் ஹைட்ரஜனும் டியூட்டீரியமும் (கனமான ஹைட்ரஜன்) விடும் புற ஊதா ஒளியை அளந்து இரண்டின் விகிதம் பார்க்கும் கருவி அது. நம்ம பீன்யாவில் இருக்கும் இஸ்ரோவின் லியோஸ் ஆய்வகம் செய்தது, எடை 2 கிலோகூட வராது. ஹைட்ரஜன் கோடு 121.567 நானோமீட்டர், டியூட்டீரியம் 121.534. இந்த 0.033 இடைவெளியைப் பிரிக்க நல்ல பெரிய கிரேட்டிங் (ஒளியை அலைநீளவாரியாகப் பிரிக்கும் நுண்கோட்டுத் தகடு) வேண்டுமே? கருவியின் வரைபடத்தில் கிரேட்டிங்கே காணோம். மேடம் கேட்டால் முழிக்கத்தான் வேண்டும். அதோடு, செவ்வாய்க் காற்றைப் பார்க்கப் புற ஊதாவேதான் வேண்டுமா?

பீன்யா பெரியவர்:
தம்பி, கிரேட்டிங் வேலையை அதில் வாயு செல், அதாவது வாயு அடைத்த சிறு குடுவை, பார்க்கிறது. செல்லுக்குள் ஹைட்ரஜன் மூலக்கூறு, கூடவே ஒரு டங்ஸ்டன் இழை. இழை அணைந்திருக்கும்போது லைமன் ஆல்ஃபா ஒளி தடையில்லாமல் டிடெக்டருக்குப் போய்விடும். இழையைச் சூடாக்கினால் மூலக்கூறு உடைந்து தனித்தனி அணுவாகும். அந்த அணு தனக்குரிய கோட்டை மட்டும் விழுங்கும், டியூட்டீரியத்தின் கோட்டைத் தொடாது. இழை அணைந்தபோது எவ்வளவு வந்தது, எரிந்தபோது எவ்வளவு குறைந்தது என்பதை வைத்துக் கணக்குப் போடுகிறார்கள். டியூட்டீரியத்துக்கு அதே மாதிரி இன்னொரு செல். எந்த அணுவைத் தேடுகிறோமோ அதையே வடிகட்டியாக வைத்திருக்கிறார்கள் பாருங்கள், எனக்கு இதில் இருக்கும் சாமர்த்தியம் ரொம்பப் பிடிக்கும்.

புற ஊதா ஏன் என்றால், செவ்வாயின் உச்சியில் இருக்கும் ஹைட்ரஜன் அணு சூரிய ஒளியை வாங்கித் திருப்பி விடுவதே முக்கியமாக 121.6இல்தான். கண்ணுக்குத் தெரியும் ஒளியில் அதனிடம் ஒன்றும் பெயராது. போதாததற்கு, 200 நானோமீட்டருக்குக் கீழே அங்குள்ள கார்பன் டை ஆக்சைடே தரையை மறைத்துவிடும், செம்மண் வெளிச்சம் குறுக்கே வராது.

நான் முப்பது வருஷத்துக்கு மேல் வெற்றிடக் கோட்டிங் பட்டறையில் இருந்தவன். இந்த அலைநீளத்தைச் சாதாரணக் கண்ணாடி விடாது, மெக்னீசியம் ஃபுளோரைடு ஜன்னல்தான். புதுப் பையன்கள் அந்த வட்டை வெறுங்கையால் எடுப்பார்கள். பார்வைக்குப் பளபளவென்றிருக்கும். மோனோகுரோமேட்டரில் (ஒவ்வோர் அலைநீளமாக ஒளி விட்டுப் பார்க்கும் கருவி) வைத்ததும் 120 நானோமீட்டர் பக்கத்தில் கிராஃப் படுத்துவிடும், எல்லாம் விரல் எண்ணெயின் வேலை.

ஹொசக்கோட்டை வாசி:
எண்ணெய்ப் பிரச்சினை சாதாரணமில்லை. கோரமங்களாவில் இருக்கும் இந்திய வானியற்பியல் நிறுவனத்தின் தலைமையில் உருவான ஆஸ்ட்ரோசாட் செயற்கைக்கோளின் புற ஊதாத் தொலைநோக்கி 2015 செப்டம்பரில் ஏவப்பட்டது. கலத்திலிருந்து கசியும் ஆவி கண்ணாடியில் படியாமல் இருக்க அதன் மூடியை நவம்பர் கடைசி வரை திறக்கவில்லை.

தம்பி, செமினாரில் டாப்ளர் விளைவையும் (வேகத்தால் அலைநீளம் நகர்வதை) சொல்லுங்கள், கட்டாயம் கேட்பார்கள். செல் விழுங்கும் கோடு ரொம்பக் குறுகல். பார்க்கும் திசையில் கலத்துக்கு நொடிக்கு 4 கிலோமீட்டர் வேகம் இருந்தாலே கோடு 0.0016 நானோமீட்டர் நகர்ந்துவிடும், செல்லின் பிடியிலிருந்து பெரும்பகுதி நழுவிவிடும். மங்கள்யானின் பாதை நீள்வட்டம், 421 கிலோமீட்டரிலிருந்து சுமார் 77,000 வரை. அருகுப்புள்ளியில் கலம் கிரகத்துக்குப் பக்கவாட்டாகப் போகும், நேராகக் கீழே பார்த்தால் நகர்வு குறைவு.

அல்சூர்க்காரன்:
பெரியவருக்கும் அக்காவுக்கும் நன்றி. இந்த இரண்டு அணுவின் விகிதத்துக்கு ஏன் இவ்வளவு மெனக்கெடல்?

பீன்யா பெரியவர்:
தண்ணீர்க் கணக்கு தம்பி. சூரிய ஒளி தண்ணீர் மூலக்கூறை உடைத்தால் லேசான ஹைட்ரஜன் சீக்கிரம் தப்பித்து ஓடும், கனமான டியூட்டீரியம் தங்கும். நம் கடல்நீரோடு ஒப்பிட்டால் விகிதம் செவ்வாயில் சுமார் 5, 6 மடங்கு, வெள்ளியில் 100 மடங்குக்கும் மேல். மிச்சமிருப்பதை வைத்து எவ்வளவு ஓடியது என்று பின்னோக்கிக் கணக்குப் போடலாம்.

ஹொசக்கோட்டை வாசி:
நிஜத் தரவு போட்டுக் காட்ட வேண்டுமென்றால் நாசாவின் மேவன் கலத்துக்குப் போங்கள். மங்கள்யானுக்குச் சில நாள் முன்னால், 2014 செப்டம்பரில் போய்ச் சேர்ந்தது. அதன் புற ஊதா நிறமாலைமானியில் நீங்கள் தேடிய கிரேட்டிங் இருக்கிறது, எஷெல் வகை, மிக நுணுக்கமாகப் பிரிப்பது. அது இரண்டு கோட்டையும் தனித்தனியாகவே காட்டும். கோள் அறிவியல் தரவுக் களஞ்சியத்தில் இலவசம், ஃபிட்ஸ் (வானியல் தரவு வடிவம்) கோப்பு, பைத்தானில் ஆஸ்ட்ரோபை நிரல் தொகுப்பு போதும். ஆனால் முதல் நாளே எஷெலைத் திறக்காதீர்கள், இரைச்சலில் தொலைந்துபோவீர்கள். கிரக விளிம்பை வருடி எடுத்த ஸ்கேன்களில் ஆரம்பியுங்கள்.