ஜாவாவில் பத்திக் துணி கையால் உருவாவதைப் பார்க்க எங்கே செல்லலாம்?

கேள்வி: தறிநிழல்

அனைவருக்கும் வணக்கம். ஆகஸ்ட் மாதத்தில் அம்மாவை அழைத்துக்கொண்டு ஜாவாத் தீவிலுள்ள யோக்யகர்த்தாவுக்குச் செல்லவிருக்கிறேன். போரோபுதூர், பிரம்பானான் கோயில்களைப் பார்த்த பிறகு ஒரு முழு நாளைப் பத்திக் துணிக்கென்றே, அதாவது மெழுகிட்ட இடத்தில் சாயம் ஏறாதபடி செய்து வடிவம் தீட்டும் துணிக்கென்றே ஒதுக்கியிருக்கிறோம். வாழ்நாள் முழுவதும் தையல் வேலை பார்த்த அம்மாவுக்குக் கடையில் தொங்கும் துணியைக் காட்டிலும் அது உருவாகும் இடத்தைக் காண்பதில்தான் ஆர்வம். சுற்றுலா முகவரின் பட்டியலில் உள்ள ‘பட்டறை’ ஒரு மணி நேரத்தில் முடிந்துவிடுவதால், அது விற்பனைக் கூடமாகத்தான் இருக்கும் என்று சந்தேகிக்கிறேன். உண்மையாகவே வேலை நடக்கும் இடம் எது? அச்சுத் துணியைக் கைவேலை என்று நம்பி வாங்காமல் இருப்பது எப்படி? மெழுகு வெடித்து அதன் வழியே சாயம் இறங்கிய கோடுகள் இருந்தால் கைவேலைதான் என்று உறவினர் ஒருவர் சொல்கிறார், அது சரியா?

பதில்: மெழுகுவாசம்

நகருக்குத் தெற்கே, அரச கல்லறைகள் இருக்கும் இமோகிரிக்கு அருகிலுள்ள கிரிலோயோ என்ற சிற்றூருக்குச் செல்லுங்கள். அவ்வூர்ப் பெண்கள் தலைமுறை தலைமுறையாக மெழுகு வேலை செய்பவர்கள். முன்பெல்லாம் மெழுகிட்ட துணியைச் சாயமேற்றாமலேயே நகர வணிகர்களிடம் குறைந்த கூலிக்குக் கொடுத்துவந்த அவர்கள், 2006 மே மாத நிலநடுக்கம் அப்பகுதியைச் சிதைத்த பிறகு குழுக்களாகச் சேர்ந்து, சாயமிடுதலையும் விற்பனையையும் தாங்களே மேற்கொண்டார்கள். அதனால் வரைந்த கையிடமே விலை கேட்க முடியும்.

உங்கள் அம்மா ‘சாந்திங்’ என்ற கருவியை விட்டு நகரமாட்டார் என்று நினைக்கிறேன். சிறு செப்புக் கிண்ணம், அதன் முன்னால் வளைந்த மெல்லிய மூக்கு, ஒரு பிடி, அவ்வளவுதான். வாணலியில் உருகிய மெழுகை அதில் முகந்து, மூக்கின் அடைப்பு நீங்க வாயால் இலேசாக ஊதிவிட்டு, சட்டத்தில் தொங்கும் துணியை இடக்கையால் அடியில் தாங்கியபடி கோடு இழுப்பார்கள். சூடு மிஞ்சினால் கோடு பரவிவிடும். ஆறிப்போனால் மெழுகு இழைக்குள் இறங்காமல் மேலேயே நிற்க, அடியில் சாயம் புகுந்துவிடும். ஒரு பக்கம் முடிந்ததும் துணியைத் திருப்பி, அதே கோடுகளின் மேல் மறுபடியும் மெழுகிடுவார்கள். நேர்த்தியான ஒரு துணிக்கு மாதக்கணக்கில் ஆவதும் விலை பல லட்சம் இந்தோனேசிய ரூப்பியாவாக ஏறுவதும் இதனால்தான்.

ஆகவே வாங்கும்போது பின்புறத்தைப் பாருங்கள். கைவேலையில் இரு பக்கமும் நிறம் ஏறத்தாழ ஒரே அழுத்தத்தில் இருக்கும். அச்சில் பின்புறம் பெரும்பாலும் வெளிறியிருக்கும். ஒரே பூ அடுத்த முறை வரும்போது வளைவோ புள்ளியோ சற்று மாறியிருப்பதும் நல்ல அடையாளம். உறவினர் சொன்ன விதி ஜாவாவுக்குப் பொருந்தாது: தேன்மெழுகும் பிசினும் பாரஃபினும் கலந்து மெழுகை நெகிழ்வாக வைத்திருப்பதே வெடிக்காமல் இருக்கத்தான், நுண்வேலையில் வெடிப்பு ஒரு குறை. மேலும், அச்சு இயந்திரம் வெடிப்புக் கோட்டையும் அச்சிட்டுத் தந்துவிடும்.

நகரின் கடைவீதியான மாலியோபோரோ தெருவில் எவரேனும் ‘மாணவர் கண்காட்சி, இன்றே கடைசி நாள்’ என்று அன்பொழுக அழைத்தால் நடையைக் கட்டுங்கள், அது கடைக்கு இழுக்கும் தந்திரம்.

பதில்: சாயத்தொட்டி

கைவேலைக்கும் அச்சுக்கும் நடுவே ‘சாப்’ என்ற முறையும் இருப்பதை மறக்க வேண்டாம். செப்புக் கீற்றுகளால் செய்த முத்திரையை மெழுகில் தொட்டுத் துணியில் ஒற்றுவது அது; 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலிருந்து பரவியது, பெரும்பாலும் ஆண்களின் வேலை. மெழுகும் சாயமும் உண்மையானவை என்பதால் இதைப் போலி என்று ஒதுக்குவது நியாயமில்லை, ஆனால் கையால் வரைந்த துணியின் விலையை இதற்குக் கொடுக்கக் கூடாது. இந்தோனேசியாவின் பத்திக் தரச் சீட்டில் கையால் வரைந்ததற்குப் பொன்னிற எழுத்தும், சாப்புக்கு வெள்ளையும், இரண்டும் கலந்ததற்கு வெள்ளியும் இருக்கும். சிற்றூர்க் குழுக்களிடம் அந்தச் சீட்டை எதிர்பார்க்காதீர்கள்.

தறிநிழல்

இருவருக்கும் நன்றி. அங்கே அம்மாவும் வரைந்து பார்த்தால், அந்தத் துணியை அன்றே கையோடு கொண்டுவர முடியுமா? ஒரு மணப்பெண்ணின் பெற்றோருக்குப் பரிசாக எந்த வடிவத்தை வாங்குவது பொருத்தம்?

பதில்: மெழுகுவாசம்

கைக்குட்டை அளவு என்றால் வரைந்து, செயற்கைச் சாயமேற்றி, கொதிநீரில் மெழுகை நீக்கி அன்றே தந்துவிடுவார்கள். இயற்கைச் சாயம் அவ்வளவு விரைவில் முடியாது, பலமுறை நனைத்து உலர்த்த வேண்டும். அவுரித் தொட்டி இருந்தால் கட்டாயம் பாருங்கள். பச்சையாக வெளிவரும் துணி காற்றுப் பட்டதும் கண்ணெதிரே நீலமாகும்.

பெற்றோருக்கு, விண்மீன்களைத் தூவியது போன்ற ‘த்ருந்தும்’ வாங்குங்கள். ஜாவானியத் திருமணங்களில் மணமக்களின் பெற்றோர் உடுத்துவது அதுவே. சாய்கோடுகளாக ஓடும் ‘பராங்’ ஒருகாலத்தில் அரச குடும்பத்துக்கு மட்டும் உரியதாக இருந்தது, திருமணத்திலும் தவிர்ப்பார்கள். துவைக்கச் சோப்புத்தூள் வேண்டாம். அங்கே ‘லெராக்’ காயில் அலசுவார்கள். நம் பூந்திக்கொட்டையும் அதே இனம்தான், தாராளமாகப் பயன்படுத்தலாம். வெயிலில் காயப்போடாமல் நிழலில் உலர்த்துங்கள்.