கியூபா மாதிரி வருஷக்கணக்கா நீடிக்கிற வணிகத் தடை சரியா தப்பா? டிபேட்டுக்கு பாயிண்ட் வேணும்

பட்டர்வொர்த்_பையன்:
அண்ணன்மாரே அக்காமாரே, அடுத்த வாரம் யூனில டிபேட், "நீண்ட கால வணிகத் தடைகள எடுத்துடணும்"னு தலைப்பு. எனக்கு "எடுக்கக் கூடாது" பக்கம் விழுந்துடுச்சு. கியூபாவுக்கு 1962ல அமெரிக்க அதிபர் கென்னடி போட்ட தடை இன்னும் இருக்கு, அப்ப அங்க ஆண்ட ஃபிடல் காஸ்ட்ரோவோ 2016ல வயசாகிதான் போய் சேர்ந்தாரு. இத வச்சிக்கிட்டு என்னத்த பேசறது லா

கிள்ளான்_கண்டெய்னர்:
தம்பி நான் ஷிப்பிங் லைன், உன் பக்கம் கஷ்டம்தான். 1992ல அமெரிக்கா ஒரு சட்டம் போட்டுச்சு, கியூபாவுக்கு வியாபாரத்துக்கு போன கப்பல் 180 நாளைக்கு அமெரிக்காவுல சரக்கு ஏத்தவோ இறக்கவோ முடியாது. கப்பல்காரன் கணக்கு பாப்பான்ல, அந்த தீவுக்காக அவ்ளோ பெரிய மார்க்கெட்ட விடுவானா? 2000க்கு அப்புறம் சாப்பாட்டு சாமான் விக்க விட்டாங்க, அமெரிக்க கோழியே அங்க போகுது, ஆனா காச மொதல்லயே கட்டணும், கடன் கெடையாது. அல்லாடுறது ஜனங்க, மேல இருக்கறவன் தட்டுல ஒரு கறி கொறையாது. அதோட அந்த அரசாங்கம் என்ன சொதப்புனாலும் பழிய தூக்கி தடை மேல போட்டுடும்

பிரிக்பீல்ட்ஸ்_அக்கா:
தம்பி கியூபாவ விடு, தென்னாப்பிரிக்காவ புடி. அங்க நம்ம ஆளுங்கள நடத்துன விதத்துக்கு இந்தியா 1946லயே வியாபாரத்த நிறுத்திடுச்சு, அப்ப சுதந்திரமே கெடைக்கல! நம்ம மலேசியாவோட மொத பிரதமர் துங்கு 1960ல லண்டன் காமன்வெல்த் கூட்டத்துல நிறவெறிய பத்தி கெளப்புனாரு, அடுத்த வருஷம் தென்னாப்பிரிக்கா காமன்வெல்த்த விட்டே போயிடுச்சு. 1986ல அதிபர் ரீகன் வீட்டோ பண்ணி தடுத்தும் அமெரிக்க காங்கிரஸ் தடைச் சட்டத்த நிறைவேத்துச்சு. மண்டேலா வெளிய வந்தது 1990. எண்ணிப் பாரு, 44 வருஷம். நடுவுல 1970ல ஒருத்தன் எழுந்து "இத்தன வருஷமா ஒன்னும் நடக்கல, எடுத்துடுங்க"னு சொல்லியிருந்தா? தடை மட்டுமே ஜெயிச்சுதுனு நான் சொல்ல வரல, உள்ளயே ஜனங்க போராடுனாங்க, தடை போடுங்கனு கேட்டதே அவங்கதான்

கிள்ளான்_கண்டெய்னர்:
அக்கா அது நல்ல அடி 😅 ஆனா அங்க உலகமே சேந்து நின்னுச்சு. கியூபா விஷயத்துல 2023 ஐநா ஓட்டு 187 பேரு எடுக்க சொல்லி, வேணாம்னது 2 பேரு, அமெரிக்காவும் இஸ்ரேலும். தென்னாப்பிரிக்காவுக்கு என்ன செஞ்சா தடை போகும்னு தெரியும். கியூபாவுக்கு 1996 சட்டத்துல ஃபிடலும் அவரு தம்பி ராவுலும் இருக்கற அரசாங்கமே ஆவாதுனு பேர போட்டே எழுதிட்டாங்க, அப்புறம் அவங்க எதுக்கு எறங்கி வரப்போறாங்க

சும்மா_பாக்கறவன்:
வியட்நாமுக்கு 1994ல தடைய எடுத்தாங்க, இப்ப அமெரிக்காவுக்கு எவ்ளோ சாமான் போகுதுனு பாரு, எதிர் பக்கம் கண்டிப்பா அத இழுப்பான். ஆனா பையா, உனக்கு சப்போர்ட் வீட்டுலயே இருக்கு, நம்ம மலேசிய பாஸ்போர்ட்டுல இஸ்ரேல் தவிர்த்துனுதான அச்சடிச்சிருக்கு, 2023 டிசம்பர்ல ஸிம்ங்கற இஸ்ரேல் கம்பெனி கப்பல் நம்ம துறைமுகத்துல நிக்கக் கூடாதுனு பிரதமர் அன்வாரும் சொன்னாரு. ஹால்ல இருக்கற எத்தன பேரு அத எடுக்கணும்னு கை தூக்குவான்னு கேளு

பட்டர்வொர்த்_பையன்:
ஐயோ அண்ணே, நான் அங்க யோசிக்கவே இல்ல. அக்கா, அந்த 1970 கேள்விய நான் சுட்டுக்கறேன். கண்டெய்னர் அண்ணே எதிர் டீம்ல இல்லாதது என் அதிர்ஷ்டம்