இந்தியா–தாய்லாந்து மகளிர் கால்பந்து ஆட்டத்தின் முழுப் பதிவு யாரிடமாவது இருக்கிறதா?

எல்லோருக்கும் வணக்கம். 2025 ஜூலை 5 அன்று தாய்லாந்தின் சியாங் மாயில் நடந்த ஆசியக் கோப்பைத் தகுதிச்சுற்று ஆட்டத்தின் முழு வீடியோ தேவைப்படுகிறது. எங்கள் ஊரில் பதினான்கு பெண் பிள்ளைகளுக்கு மாலையில் கால்பந்து சொல்லித் தருகிறேன், அவர்களுக்குக் காட்டத்தான்.

அதே தகுதிச்சுற்றில் இந்தியா மங்கோலியாவை 13-0 என்று வென்றதைப் பிள்ளைகள் பெரிதாகப் பேசுகிறார்கள். எனக்கு முக்கியம் தாய்லாந்து ஆட்டம்தான். அதற்கு முன் இரண்டு அணிக்கும் புள்ளியும் சமம், கோல் வித்தியாசமும் சமம். சொந்த மண்ணில் ஆடியது தாய்லாந்து அணி. நம் இந்திய அணியின் சங்கீதா பாஸ்ஃபோர் 29-ஆம் நிமிடத்தில் ஒரு கோல், இடைவேளை முடிந்ததும் அவர்கள் சமன் செய்ய, 74-இல் தலையால் முட்டி இன்னொன்று. 2-1. தகுதிச்சுற்று ஆடி இந்தியப் பெண்கள் ஆசியக் கோப்பைக்குப் போனது அதுதான் முதல் தடவை.

என் போனில் இருப்பது கோல்கள் மட்டும் உள்ள சின்னத் துண்டு. நேற்று அதைப் பார்த்த எங்கள் நடுகள வீராங்கனை, "கோலுக்கு முன்னாடி அந்த அக்கா எங்க நின்னாங்க சார்?" என்று கேட்டாள். சரியான கேள்வி! அதைக் காட்ட முழு ஆட்டம் வேண்டும். இணைப்பு தெரிந்தவர்கள் இங்கேயே பகிருங்கள். சனிக்கிழமை மாலைக்குள் கிடைத்தால் ரொம்ப நல்லது.